இஎஸ்பி32 வைஃபையில் நிற்க மாட்டேன் என்கிறதா? புரோகிராமை விடுங்கள், கேபிளைப் பாருங்கள்

வைஃபை உள்ளேயே கொண்ட இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டை நெட்வொர்க்கில் இணைத்து, ஒரு சென்சார் அளவை எங்காவது அனுப்ப வைப்பது அரை மணி நேர வேலை. எல்லாம் சரியாக இருந்தால் உண்மையிலேயே அவ்வளவுதான். சரியாக இல்லாதபோது பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது புரோகிராமில். லைப்ரரியை மாற்றுவார்கள், டிலேயைக் கூட்டுவார்கள், வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார்கள். ஆனால் போர்டு தானாக ரீசெட் ஆகிறது, இணைந்த கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறது, அப்லோடே ஆகவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை கம்பியிலும் மின்சாரத்திலும் போய் முடிபவை. அதனால் கீழிருந்து மேலே போவதுதான் சரியான வரிசை. கேபிள், மின்சாரம், பூட் (சிப் தொடங்குவது), ரேடியோ, ஐபி முகவரி, அதற்கப்புறம்தான் எம்க்யூடிடி, அதாவது சென்சார் அளவுகளைச் செய்தியாக அனுப்பும் முறை. ஒரு படி உறுதியாகும் முன் அடுத்ததைத் தொட்டால், எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

இங்கே பேசுவது 2016இல் வந்த முதல் இஎஸ்பி32 பற்றி. அதாவது வ்ரூம்-32 மாட்யூல் பொருத்திய 30 பின் அல்லது 38 பின் டெவ்கிட். அதற்கு மூத்த இஎஸ்பி8266 (இனி 8266), இளைய இஎஸ்பி32-சி3, எஸ்3 ஆகியவை எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே மட்டும் தனியாகச் சொல்கிறேன். புரோகிராம் எழுதிப் போர்டில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇயில்தான் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கணினிக்குப் போர்டே தெரியவில்லை என்றால்

சிவப்பு எல்இடி எரிகிறது, ஆனால் ஐடிஇயில் போர்ட் பட்டியல் காலி. பெரும்பாலும் கேபிள்தான். யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, டேட்டாவுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. போனிலிருந்து கணினிக்குப் படம் ஏற்றிய கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. அந்தக் கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டி, இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

கேபிள் சரி என்றால் அடுத்தது டிரைவர். யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிப்பைப் பாருங்கள். சதுரமாக, கால்கள் வெளியே தெரியாமல் இருந்தால் பெரும்பாலும் சிபி2102. இரண்டு பக்கமும் கால்கள் நீட்டிய செவ்வகம் என்றால் சிஎச்340. எதுவோ அதற்குரிய டிரைவரைப் போட வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நின்றால் இதுதான் காரணம்.

லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே இருக்கும், அனுமதிதான் இருக்காது. உங்கள் யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. உபுண்டு 22.04இல் சிஎச்340 போர்டுகளுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. போர்ட் ஒரு நொடி தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அந்தச் சிப்பைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. கர்னல் லாகில் அந்தப் பெயர் தெளிவாகவே தெரியும். பிரெய்ல் கருவி எதுவும் பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

போர்ட் தெரிகிறது, அப்லோட் கொடுத்தால் 'கனெக்டிங்' என்று புள்ளியும் கோடுமாக ஓடி, கடைசியில் டைம்அவுட் ஆகிறதா? புது புரோகிராமை வாங்கிக்கொள்ளும் டவுன்லோட் நிலைக்குச் சிப் போகவில்லை என்று பொருள். சிப்பின் பொது உள்ளீடு/வெளியீட்டுப் பின்களுக்குத்தான் ஜிபிஐஓ என்று பெயர். ரீசெட் ஆகும் கணத்தில் ஜிபிஐஓ 0 பின் கிரவுண்டில் இருந்தால்தான் சிப் அந்த நிலைக்குள் நுழையும். டெவ்கிட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இதைத் தானாகச் செய்கின்றன, ஆனால் சில போர்டுகளில் நேரம் பிசகும். புள்ளிகள் ஓடத் தொடங்கியதும் பூட் பட்டனை அழுத்திப் பிடித்து, எழுதத் தொடங்கிய பிறகு விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்ய அலுப்பாக இருந்தால், இஎன் (ரீசெட்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். பிளஸ் கால் இஎன் பக்கம். ரீசெட் கொஞ்சம் தாமதமாகி நேரம் சரியாகிவிடும். பாதியில் அறுந்தால் அப்லோட் வேகத்தை 921600இலிருந்து 115200க்குக் குறைத்துப் பாருங்கள்.

சி3, எஸ்3 போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அவற்றில் அப்லோட் ஒழுங்காக ஆகும், சீரியல் மானிட்டர் மட்டும் மௌனமாக இருக்கும். டூல்ஸ் மெனுவில் 'யூஎஸ்பி சிடிசி ஆன் பூட்' என்பதை எனேபிள் செய்து மறுபடி ஏற்றினால் பேசத் தொடங்கும். போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நான்கு வரிகள்

சீரியல் மானிட்டரை 115200இல் திறந்து, போர்டில் இஎன் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். உங்கள் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே சிப் சில வரிகளை அச்சிடும். பலர் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் பாதி விடை அங்கேயே இருக்கிறது. (8266இல் இந்த வரிகள் 74880 வேகத்தில் வரும். 115200இல் பார்த்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரிவது அதனால்தான்.)

அந்த வரிகளில் முதலில் வருவது ரீசெட் காரணம், ஹெக்ஸ் எண்ணாக. 1 என்றால் மின்சாரம் வந்து சாதாரணமாகத் தொடங்கியது. 12ஐக் குறிக்கும் 'சி' வந்தால் மென்பொருள் ரீசெட். நீங்களே ரீஸ்டார்ட் கொடுத்திருக்கலாம், அல்லது புரோகிராம் விழுந்து எழுந்திருக்கலாம். 15ஐக் குறிக்கும் 'எஃப்' என்றால் பிரவுன்அவுட், அதாவது மின்னழுத்தம் இறங்கிவிட்டது. இதைப் பார்த்த பிறகும் புரோகிராமில் தேடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அடுத்து பூட் எண். ஹெக்ஸில் 13 என்றால், புரோகிராம் சேமித்திருக்கும் நினைவகமான ஃபிளாஷிலிருந்து சாதாரணமாகத் தொடங்குகிறது. 3 என்று வந்து, 'வெயிட்டிங் ஃபார் டவுன்லோட்' என்று நின்றால், ஜிபிஐஓ 0 கிரவுண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே எதையாவது இணைத்திருக்கிறீர்களா பாருங்கள். 'ஃபிளாஷ் ரீட் எரர்' என்று சொல்லித் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் முதல் சந்தேகம் ஜிபிஐஓ 12 மீது. பூட் ஆகும் நேரத்தில் அந்தப் பின் ஹையாக இருந்தால், ஃபிளாஷ் சிப்புக்கு 3.3க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று இஎஸ்பி32 எடுத்துக்கொள்ளும். அந்த வோல்ட்டில் ஃபிளாஷ் படிக்காது. ரிலே போர்டோ, புல்-அப் ரெசிஸ்டர் (பின்னை ஹையில் இழுத்து வைப்பது) உள்ள சென்சாரோ அந்தப் பின்னில் இருந்தால், யூஎஸ்பியில் நன்றாக ஓடிய போர்டு, எல்லாம் பொருத்திய பிறகு எழுந்திருக்காது.

பின்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிபிஐஓ 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷுக்குப் போகின்றன. 38 பின் போர்டில் அவை வெளியே தெரிந்தாலும் தொடக்கூடாது. 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும். உள் புல்-அப்பும் கிடையாது, எனவே அங்கே பட்டன் வைத்தால் வெளியே 10 கிலோஓம் போட வேண்டும். 0, 2, 5, 12, 15 ஆகியவை பூட் நேரத்தில் சிப் பார்க்கும் பின்கள். வேறு இடம் இருக்கும்வரை அவற்றை விட்டுவிடுங்கள். மண்ணின் ஈரம், ஒளி என அனலாக் அளவு எடுப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று: 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 ஆகியவை, ஏடிசி என்ற, அனலாக் அளவை எண்ணாக்கும் பகுதிகளில் இரண்டாவதைச் சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை நம்பிப் படிக்க முடியாது. தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக அளந்த சென்சார், வைஃபையைச் சேர்த்ததும் உளறுகிறது என்றால் சென்சார் கெட்டுவிடவில்லை. கம்பியை 32 முதல் 39 வரை உள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

மின்சாரம்: எல்லாரும் தாண்டிப் போகும் இடம்

வைஃபை ரேடியோ அனுப்பும் கணத்தில் இஎஸ்பி32 இழுக்கும் கரண்ட் சட்டென்று சில நூறு மில்லிஆம்பியருக்கு ஏறும். குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்பது சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் பரிந்துரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பியில் 5 வோல்ட். போர்டில் இருக்கும் டயோடு சுமார் 0.3 வோல்ட்டைத் தின்றுவிடும். கேபிளின் இரண்டு கம்பிகளும் சேர்ந்து 0.6 ஓம் இருந்தால், 500 மில்லிஆம்பியரில் இன்னொரு 0.3 போய்விடும். 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டரின் வாசலில் மீதி 4.4. டெவ்கிட்களில் அதிகம் காணப்படும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு, வெளியீட்டை விட 1.1 முதல் 1.3 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 3.3 கொடுக்க 4.4 என்பது விளிம்பு. கேபிள் இன்னும் கொஞ்சம் மெலிந்தாலோ, அடாப்டர் கொஞ்சம் தளர்ந்தாலோ, வைஃபை தொடங்கும் நொடியில் வோல்ட் சரியும், பிரவுன்அவுட் டிடெக்டர் ரீசெட் கொடுக்கும். 'வைஃபை பிகின் வரியில் கிராஷ் ஆகிறது' என்று தோன்றுவது இப்படித்தான்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 3.3 என்று சாந்தமாகக் காட்டும். சரிவு ஒரு சில மில்லிவினாடிதான் நீடிக்கிறது, மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. ஆசிலோஸ்கோப் இருந்தால் தெரியும். இல்லையென்றால் ஒன்றொன்றாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்: குட்டையான தடித்த கேபிள், 5 வோல்ட் 1 ஆம்பியராவது தரும் அடாப்டர், 3.3 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்யூலுக்கு அருகிலேயே ஒரு 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், கூடவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். எலக்ட்ரோலிட்டிக்கின் மைனஸ் கோடு கிரவுண்ட் பக்கம் இருக்கட்டும்.

பிரவுன்அவுட் டிடெக்டரையே ஆஃப் செய்துவிடச் சொல்லும் ஒரு வரி கோட் எங்கும் சுற்றுகிறது. அதைப் போடாதீர்கள். டிடெக்டர் சொல்வது உண்மை. அதன் வாயை அடைத்தால் ரீசெட் நிற்கும், ஆனால் சிப் குறைந்த வோல்ட்டில் தடுமாறும். ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் அது நடந்தால் சேமித்ததும் சேர்ந்து கெடும்.

சர்வோ, ரிலே, எல்இடி ஸ்ட்ரிப் போன்றவற்றை 3.3 பின்னிலிருந்து ஓட்டாதீர்கள். தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். கிரவுண்டைச் சேர்க்க மறந்தால் சிக்னல் பைத்தியம் பிடித்தது போல ஆடும். 5 வோல்ட் சிக்னல் தரும் சென்சாரை நேராகப் பின்னில் கொடுக்கக்கூடாது. எச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சாரின் எக்கோ பின்னுக்கு, வரிசையில் 1 கிலோஓம், கிரவுண்டுக்கு 2 கிலோஓம் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் 3.33 வோல்ட் வரும்.

வைஃபை

மின்சாரம் உறுதியான பிறகும் இணையவில்லை என்றால், இனி ரேடியோ. இஎஸ்பி32, 8266, சி3, எஸ்3 எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ரவுட்டர் 2.4, 5 என்ற இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால் சில நேரம் ஒத்துழைக்கும், சில நேரம் கருவிகளை 5க்கு நகர்த்தப் பார்க்கும் பேண்ட் ஸ்டீயரிங் போர்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுவது நிம்மதி. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், ஆர்டுயினோவின் பழைய கோர் (இஎஸ்பி32க்கான மென்பொருள் தொகுப்பு) போட்ட போர்டுகளும் 8266உம் உள்ளே வராது. டபிள்யூபிஏ2/3 கலப்பு, அல்லது டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள்.

'கனெக்ட் ஆகவில்லை' என்று மட்டும் அச்சிடும் புரோகிராமால் பயனில்லை. வைஃபை ஈவென்ட் ஒன்றைப் பதிவு செய்து, துண்டிப்புக் காரண எண்ணை அச்சிடச் சொல்லுங்கள். 201 என்றால் அந்தப் பெயரில் நெட்வொர்க்கே கண்ணில் படவில்லை: பெயரில் எழுத்துப் பிழை (பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு), 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடுகிறது, அல்லது தூரம். 15 வந்தால் பெரும்பாலும் பாஸ்வேர்ட் தவறு. 202ஆக இருந்தாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். 200 என்றால் இணைந்திருந்தது, ரவுட்டர் 'நான் இருக்கிறேன்' என்று விடாமல் அனுப்பும் பீக்கன் கேட்பது நின்றுவிட்டது, அதாவது சிக்னல் பலவீனம். இந்த நான்கு எண்கள் தெரிந்தால் ஊகிக்கும் வேலை பெருமளவு மிச்சம்.

ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது சிக்னல் பலத்தின் அளவையும் சேர்த்து அச்சிடுங்கள். -50 டிபிஎம் என்றால் பிரமாதம், -67 வரை கவலையில்லை, -80க்கும் கீழே இறங்கினால் நின்று நின்றுதான் பேசும். மாட்யூலின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அது பிரெட்போர்டின் நடுவிலோ, உலோகப் பெட்டிக்குள்ளோ, பேட்டரிக்கு ஒட்டியோ இருந்தால் பத்து டிபி காணாமல் போவது சாதாரணம். அந்த ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பெயரில் 'யூ' என்று முடியும் வ்ரூம்-32யூ மாட்யூலில் ஆன்டெனாவே கிடையாது. வெளி ஆன்டெனா மாட்டினால்தான் உண்டு.

இணைந்துவிட்டது, ஆனால் பிங் கொடுத்தால் நேரம் ஏறி இறங்குகிறது, வெப் பக்கம் சோம்பேறியாகத் திறக்கிறது என்றால் அது பழுதில்லை. கரண்டை மிச்சப்படுத்த ரேடியோ இடையிடையே தூங்குகிறது, ரவுட்டரின் பீக்கனுக்காக மட்டும் விழிக்கிறது. வைஃபை செட்ஸ்லீப்பை ஃபால்ஸ் ஆக்கினால் சுறுசுறுப்பாகிவிடும். அதற்கு விலை, சும்மா இருக்கும்போதே நூறு மில்லிஆம்பியர் அளவுக்குச் செலவு. அடாப்டரில் ஓடுவதற்குச் சரி, பேட்டரிக்கு வேண்டாம்.

ஐபி முகவரியைப் புரோகிராமுக்குள் பதிப்பதை விட, ரவுட்டரில் போர்டின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவைப்பது நல்லது. பதித்தே ஆக வேண்டும் என்றால், பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள், பிகினுக்கு முன்பே கொடுங்கள். அதை விட்டவர்களுக்கு லோக்கலில் எல்லாம் ஓடும், வெளியே பெயரைச் சொல்லி அழைக்கும் எதுவும் ஓடாது. போர்டு ஐபி வாங்கிவிட்டது, போனிலிருந்து மட்டும் எட்டவில்லை என்றால், ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறது, இல்லை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ஏபி ஐசொலேஷன் ரவுட்டரில் ஆனில் இருக்கிறது.

எம்க்யூடிடி வரை வந்தாயிற்று

எம்க்யூடிடியில் செய்திகளை வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்கும் சர்வர்தான் புரோக்கர். சொந்தமாக மஸ்கிட்டோ என்ற புரோக்கரை வைப்பவர்கள் இடறும் இடம் ஒன்று. 2.0 பதிப்பிலிருந்து, கான்ஃபிக் எதுவும் கொடுக்காவிட்டால் அது தன் கணினிக்குள் வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். அதே கணினியில் சோதித்தால் ஓடும், போர்டிலிருந்து வந்தால் கதவு சாத்தியிருக்கும். கான்ஃபிக் ஃபைலில் லிசனர் 1883 என்று ஒரு வரி, பாஸ்வேர்ட் ஃபைலின் பாதை ஒரு வரி சேர்த்து, சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத அனானிமஸ் இணைப்பை அனுமதிப்பது சோதனைக்கு மட்டும்.

இரண்டு போர்டுகள் மாறி மாறி இணைவதும் அறுவதுமாக இருந்தால், இரண்டிலும் ஒரே கிளையன்ட் ஐடி. புதியவர் வந்ததும் அதே பெயரில் உள்ள பழையவரை வெளியேற்ற வேண்டும் என்பது புரோட்டோகாலின் விதி. வெளியேறியவர் மறுபடி இணைந்து மற்றவரைத் தள்ளுவார். மேக் முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களை ஐடியில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

போர்டில் எம்க்யூடிடி பேச உதவும் பப்சப்கிளையன்ட் லைப்ரரியில் இரண்டு எல்லைகள் நினைவில் இருக்கட்டும். பாக்கெட்டின் மொத்த அளவு, டாபிக் (செய்தியின் தலைப்பு) பெயரையும் சேர்த்து, இயல்பாக 256 பைட். பெரிய ஜேசன் அனுப்பினால் பிழை எதுவும் அச்சாகாது, பப்ளிஷ் ஃபால்ஸ் என்று திரும்பும், அவ்வளவுதான். செட்பஃபர்சைஸ் கொண்டு கூட்டிக்கொள்ளுங்கள். கீப்அலைவ், அதாவது இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி, 15 வினாடி. லூப்பில் டிலே 30000 என்று எழுதி வைத்தால் கிளையன்டின் லூப் அழைக்கப்படாது; ஒன்றரை மடங்கு நேரம் பார்த்துவிட்டுப் புரோக்கர் கழற்றிவிடும். டிலேக்குப் பதில் மில்லிஸ் கணக்கில் நேரம் பாருங்கள்.

போர்ட் 8883இல் டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) போட்டால் சான்றிதழ் சரிபார்க்கப் போர்டுக்குத் தேதி தெரிய வேண்டும். பவர் போட்டதும் அதற்கு இது 1970. முதலில் என்டிபியில் நேரம் வாங்கி, வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இணையுங்கள். 'செட்இன்செக்யூர்' போட்டால் உடனே ஓடும்தான், ஆனால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காத டிஎல்எஸ் அது. ஒரு டிஎல்எஸ் இணைப்புக்கு 40 கிலோபைட் அளவுக்கு ரேம் போகும். 8266இல் மொத்தமாக மிஞ்சுவதே அவ்வளவுதான் என்பதால் அங்கே பஃபரைச் சுருக்காமல் காலம் தள்ள முடியாது.

நாள்கணக்கில் ஓடிவிட்டுத் திடீரென விழும் போர்டுக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மீதி ஹீப் (புரோகிராம் ஓடும்போது எடுத்துப் பயன்படுத்தும் ரேம்) அளவையும் ரீசெட் காரணத்தையும் ஒரு டாபிக்கில் அனுப்ப வையுங்கள். ஹீப் படிப்படியாகத் தேய்ந்தால் எங்கோ மெமரி கசிகிறது. தேயாமல் மொத்தம் போதுமானதாக இருந்து, ஒரே துண்டாகக் கிடைக்கும் பெரிய இடம் மட்டும் சுருங்கினால், ஸ்டிரிங்குகளைக் கூட்டிக் கூட்டி ஒட்டுவது ரேமைத் துண்டாக்குகிறது. 'குரு மெடிடேஷன்' என்று வந்து 'லோட் ப்ரொஹிபிடட்' என்றால், பெரும்பாலும் இல்லாத ஒன்றைச் சுட்டும் பாயின்டர். அதன் கீழே வரும் பேக்ட்ரேஸ் வரியை எக்ஸெப்ஷன் டீகோடரில் கொடுத்தால் எந்த வரி என்று காட்டும். ஏற்றிய அதே பில்டின் ஈஎல்எஃப் ஃபைல் வேண்டும், மறுபடி கம்பைல் செய்தது உதவாது.

கடைசியாக ஓடிஏ, அதாவது கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவே புரோகிராமை ஏற்றுவது. சுவரில் திருகிய போர்டைக் கழற்றாமல் புதுப்பிக்க இது இல்லாமல் முடியாது. 4 மெகாபைட் ஃபிளாஷில் வழக்கமான பார்ட்டிஷன் (இடத்தைப் பிரிக்கும் திட்டம்), புரோகிராமுக்கு 1310720 பைட் கொண்ட இரண்டு அறைகளை ஒதுக்குகிறது. ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டே மற்றதில் புதியது எழுதப்படும். 'ஹியூஜ் ஆப்' என்ற திட்டத்தைத் தேர்ந்தால் இடம் கிடைக்கும், இரண்டாவது அறை போய்விடும், ஓடிஏவும் போய்விடும். இடம் போதவில்லை என்றால் 'மினிமல் ஸ்பிஃப்ஸ்' எடுங்கள், இரண்டு அறையும் 1.9 மெகாபைட் ஆகும். இதைப் போர்டைப் பொருத்தும் முன்பே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பார்ட்டிஷனை ஓடிஏ வழியாக மாற்ற முடியாது, யூஎஸ்பிதான். ஐடிஇயில் நெட்வொர்க் போர்ட் தெரியவில்லை என்றால் லோக்கலில் கருவிகளைப் பெயரால் கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ்ஸை, அதாவது யூடிபி 5353ஐ, கணினியின் ஃபயர்வால் தடுக்கிறதா பாருங்கள். போர்ட் தெரிந்தும் அப்லோட் தொடங்கவில்லை என்றால் 3232ஐப் பாருங்கள் (8266க்கு 8266). ஓடிஏவுக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள். ஏற்றும் ஒவ்வொரு புதிய புரோகிராமிலும் ஓடிஏ ஹேண்டில் அழைப்பு லூப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அது இல்லாத ஒன்றை ஒரு முறை அனுப்பிவிட்டால், அடுத்த முறை ஏணி போட்டு ஏறிக் கேபிள் சொருக வேண்டியதுதான்.